தொண்டைப்பெட்டி

நடுச்சாமத்தில் யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மூன்றாவது குரலுக்குத்தான் பதில் சொல்ல வேண்டும் என்பார்கள் காட்டோர ஊரான தோகைப்பதியில். பேய்க்கு மூன்று தடவை கூப்பிடப் பொறுமை கிடையாதாம். செத்தவர் குரலுக்கு ஏமாறாமல் இருக்க மனிதர்கள் செய்துவைத்த ஏற்பாடு அது. யானைகளிடம் அப்படி எந்த ஏற்பாடும் இல்லை. முதல் குரலுக்கே வந்து நின்றன.

அன்றைக்கும் அப்படித்தான். மாலை ஐந்து மணி. நரிமுடக்கு வனச்சரகத்தின் கண்காணிப்புக் கோபுரத்தில் ரேஞ்சர் துளசிமணி நின்றுகொண்டிருந்தாள். கைப்பிடிச் சுவரில் வைத்திருந்த டீ டம்ளரில் மெல்லச் சுருக்கம் விழுந்தது. காதுக்கு ஒன்றும் கேட்கவில்லை. நெஞ்செலும்புக்குள் மட்டும், தூரத்தில் எங்கோ ரைஸ்மில் ஓடுவதுபோல ஓர் அதிர்வு. ஆறாம் நம்பர் கம்பத்திலிருக்கும் பெட்டி கூப்பிடுகிறது என்று அர்த்தம்.

வாழைத் தோட்டத்தின் வரப்பு வரைக்கும் வந்துவிட்ட யானைக் கூட்டம் அப்படியே நின்றது. ஏழு பெரியவை, ஒரு குட்டி. காதுகளை விரித்துக் கேட்டன. பிறகு ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பிக் காட்டுக்குள் நடந்தன. எல்லாவற்றுக்கும் முன்னால் ஓடியது குட்டிதான். கம்பத்துக்கு வந்ததும் தும்பிக்கையால் அதைச் சுற்றிக்கொண்டு நெற்றியைச் சாய்த்துக்கொண்டது.

"ரேடியோ போய் ஒட்டிக்கிட்டான் பாருங்க. இனி அவங்கம்மா வந்து நாலு போடு போட்டாத்தான் வருவான்," என்றார் வெள்ளிங்கிரி.

எந்நேரமும் பெட்டியடியிலேயே கிடப்பதால் காவலர்கள் அதற்கு வைத்த பெயர் ரேடியோ. இரண்டரை வயசு. அதன் தாய்க்கு வால் நுனி மடங்கியிருக்கும், அதனால் கோணவாலி.

வெள்ளிங்கிரி வேட்டைத் தடுப்புக் காவலர். அவரும் துளசிமணியும் பதினேழு வருஷத்துக்கு முன்னால் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அவள் வனக்காப்பாளராகச் சேர்ந்து, வனவராகி, ரேஞ்சராகிவிட்டாள். அவர் தற்காலிகப் பணியாளராகச் சேர்ந்து தற்காலிகப் பணியாளராகவே இருக்கிறார். காட்டை யார் அதிகம் அறிந்தவர் என்று தேர்வு வைத்திருந்தால் கதை தலைகீழாகியிருக்கும். அந்தத் தேர்வைத்தான் அரசாங்கம் வைப்பதில்லையே.

பெட்டிக்கு இலாகா வைத்த பெயர் ஒரு முழம் நீளம். காவலர்கள் தொண்டைப்பெட்டி என்றார்கள். உள்ளே இருந்தது மூளிக்காதியின் தொண்டை. இந்தக் கூட்டத்தின் தலைவி அவள். இடது காது பாதி கிழிந்தவள். ஆறு வருஷம் அவள் கழுத்தில் பட்டை மாட்டி, அவள் முனகியது, உறுமியது, பிள்ளைகளை அதட்டியது, மனிதக் காதுக்கு எட்டாத அடிக்குரல் எல்லாவற்றையும் பதிவு செய்தார்கள். கேட்டுக் கேட்டு இயந்திரம் அவள் பேச்சைக் கற்றுக்கொண்டது. அவள் சொல்லாததையும் அவள் குரலில் சொல்ல ஆரம்பித்தது. வா, போகலாம், நில், இங்கே தண்ணீர் இருக்கிறது. காட்டோரத்திலும் உள்காட்டிலுமாகப் பதினான்கு கம்பங்கள். வயல் பக்கம் கூட்டம் வருவதைக் கேமரா பார்த்தால், உள்காட்டுக் கம்பம் ஒன்று கூப்பிடும். அவ்வளவுதான்.

துளசிமணி இதை முழுமனதோடு நம்பியவள். நம்பாமல் என்ன செய்வாள்? பெட்டி வருவதற்கு முந்தைய வருஷம் மட்டும் இந்தச் சரகத்தில் பதினொரு பேரை யானை மிதித்தது. பதினொரு வீட்டுக்கும் அவள்தான் போனாள். ஒரு வீட்டில், புருஷனை வேட்டியில் மூட்டையாகக் கட்டிக் கொண்டுவந்ததைப் பார்த்த பெண் அழக்கூட இல்லை, துளசிமணியின் காக்கிச் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க என்னத்துக்குங்க இருக்கறீங்க?" என்று மட்டும் கேட்டாள். பெட்டி வந்தபின் மூன்று வருஷமாக ஒரு உயிர்கூடப் போகவில்லை. அந்தப் பெண்ணுக்கான பதில் அதுதான் என்று துளசிமணி நினைத்திருந்தாள்.

ஆனால் அந்தப் பதிலுக்கு அடியில் ஒரு குழி இருந்தது. அதைத் தோண்டியவளும் அவளே.

மூன்று வருஷத்துக்கு முன்னால், காட்டுப்பன்றிக்கு எவனோ பழத்துக்குள் வெடிமருந்து வைத்துப் போட்ட அவுட்டுக்காயை மூளிக்காதி கடித்துவிட்டாள். கீழ்த்தாடை இரண்டாகப் பிளந்தது. பதின்மூன்று நாள் தின்னவும் முடியாமல் குடிக்கவும் முடியாமல், மலைச் சரிவில் நின்றபடியே இளைத்து, கடைசியில் விழுந்தாள். யானை செத்தால் பரிசோதனை முடித்துக் காட்டிலேயே விட்டுவிடுவது வழக்கம். கழுகுக்கும் நரிக்கும் ஆகட்டும் என்பது இலாகாவின் கணக்கு. கூட்டம் வந்து பார்த்துக்கொள்ளட்டும் என்பது காவலர்களின் கணக்கு. வந்து பார்க்கும். எலும்பைத் தடவும். புரட்டும். தழையைப் பிடுங்கி மேலே போடும். ஒரு நாளோ இரண்டு நாளோ நின்றுவிட்டுப் போகும். அதன்பிறகு செத்தவளைத் தேடாது.

அந்த முறை அப்படி விடவில்லை. மாவட்ட வன அலுவலர் அருள்செழியன் போனில் சொன்னார்: "கூட்டம் தண்ணி குடிக்கப் போயிருக்கு. திரும்பறதுக்குள்ள உடம்பு அங்க இருக்கக் கூடாது. அதுங்க பார்த்துட்டா அவ செத்தது தெரிஞ்சுபோகும். தெரிஞ்சுட்டா அந்தக் குரலுக்கு மதிப்பில்லை. ஆறு வருஷ உழைப்பும்மா."

துளசிமணி ஜேசிபி வரவழைத்தாள். சங்கிலி கட்டி இழுத்து, நான்கு மைல் தள்ளி, கைவிட்ட கல்குவாரியில் உப்பும் சுண்ணாம்பும் கொட்டிப் புதைத்தாள். விழுந்த இடத்தை வேப்பெண்ணெய் ஊற்றிக் கழுவச் சொன்னாள். சொன்னதெல்லாம் அவள் வாய்தான். வெள்ளிங்கிரி மட்டும் சங்கிலியைத் தொட மாட்டேன் என்று ஓரமாகப் போய் உட்கார்ந்துவிட்டார். திரும்பி வந்த கூட்டம் அந்த இடத்தை மோந்து மோந்து பார்த்தது. அப்போது நாலாம் நம்பர் கம்பம் கூப்பிட்டது. அவ்வளவு பேரும் ஓடினார்கள். யானை ஆனந்தமாக ஓடுவதை அன்றுதான் துளசிமணி முதன்முதலாகப் பார்த்தாள்.

இப்போது மூன்று வருஷம் கழித்து, வெள்ளிக்கிழமை காலை, அருள்செழியன் அவளைக் கூப்பிட்டுவிட்டார். சுவரில் பெரிய வரைபடம். காட்டின் வால்போல நீண்ட கடைசிப் பகுதியை ஒட்டிய இடம் முழுக்க நீலமாக அடித்திருந்தது. சூரிய மின்நிலையம் வரப்போகும் இடம்.

"வேலி போட ஆரம்பிச்சாச்சு," என்றார். "கூட்டத்துக்கு இனி இந்தப் பக்கம் வழி கிடையாது. அதனால யானை முகாமுக்குக் கொண்டுபோறோம். கரால் கட்டி முடிச்சாச்சு."

கரால் என்றால் பெருமரங்களை நட்டு, குறுக்கே மரங்களைச் செருகிக் கட்டும் கூண்டு. மதம் பிடித்த ஒற்றை யானையை அடைப்பதைத் துளசிமணி பார்த்திருக்கிறாள். ஒரு கூட்டத்தையே அடைத்ததை யாரும் பார்த்ததில்லை.

"எட்டையுமா சார்?"

"எட்டையும்தான். மயக்க ஊசி வேண்டாம், கும்கி வேண்டாம், பட்டாசு வேண்டாம். திங்கட்கிழமை காலைல பெட்டியக் கராலுக்குள்ள வெச்சுக் கூப்பிடுவோம். அதுங்களே நடந்து வந்துரும். உலகத்துலயே எவனும் பண்ணினதில்ல."

"ஊருக்குள்ள விடாம இருக்கறதுக்குன்னுதான சார் பெட்டி வெச்சோம். உயிரக் காப்பாத்தறதுக்குன்னு சொன்னீங்க."

"இப்பவும் உயிரத்தான் காப்பாத்தறோம். வேலில அடிபட்டுச் செத்தா பரவால்லயா?" அவர் குரலில் கோபமே இல்லை. அதுதான் அவரிடம் கஷ்டம். "நீங்க இல்லாட்டி இது நடந்திருக்காது துளசிமணி. அன்னிக்கு அந்த உடம்ப நீங்க சுத்தமா அப்புறப்படுத்துனதாலதான் இன்னிக்கு இது நடக்குது. மேலிடத்துக்கு உங்க பேரைத்தான் எழுதியிருக்கேன்."

பாராட்டு வாங்கிக்கொண்டு வெளியே வந்தவள் ஜீப்பில் ஏறி, சாவியைப் போடாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

மதியம் வெள்ளிங்கிரியிடம் சொன்னாள். அவர் சாப்பாட்டுத் தூக்கை மூடி வைத்தார்.

"பெட்டி ஒயர அத்துட்டா?" என்று கேட்டாள்.

"அத்தா வேற பெட்டி வெப்பாங்க. கம்பத்து மேல ஏறி அத்து விட்டுட்டே இருப்பீங்களா?" அவர் பல் குத்திக்கொண்டே யோசித்தார். "பெட்டி ஒண்ணுமில்லீங்கம்மா. நம்பிக்கைதான். அது போகணும்னா எலும்பக் காட்டணும்."

அவள் குவாரி இருக்கும் திசையைப் பார்த்தாள்.

"அன்னிக்கே சொன்னேன். எழவு வீட்ட மறைச்சா பாவம் சுத்திச் சுத்தி வருமுன்னு. ஆபீசர்மாருக்கு நம்ம பேச்செல்லாம் எங்கீங்க ஏறும்?"

"குத்திக் காட்டறதுன்னா இன்னும் நாலு வார்த்தை சேத்துச் சொல்லிருங்கண்ணா. அப்பறம் மண்வெட்டி எடுங்க."

"உங்க வேல போயிரும்."

"உங்களுதுந்தான்."

"என்ற வேல எப்பத்தான் இருந்துச்சு போறதுக்கு?" என்று சிரித்தார் வெள்ளிங்கிரி.

சனிக்கிழமை விடிந்ததும் இருவரும் குவாரியில் இறங்கினார்கள். சுண்ணாம்பு கட்டிப் பாறையாகியிருந்தது. கடப்பாரைக்கு அசையவில்லை. துளசிமணிக்கு உள்ளங்கை இரண்டும் கொப்பளித்து உடைந்தன. பத்து மணிக்கு விலா எலும்பு தெரிந்தது, பிறகு தொடை, பிறகு தலை. கடைசியாகக் கீழ்த்தாடை. இரண்டு துண்டு. உடைந்த ஓரத்தில் கருகல் இன்னும் போகவில்லை. அதை எடுத்து வைத்தபோது துளசிமணி உட்கார்ந்து அழுதுவிட்டாள். வெள்ளிங்கிரி தண்ணீர்ப் பாட்டிலை அவள் பக்கத்தில் வைத்துவிட்டுத் தோண்டிக்கொண்டே இருந்தார். எலும்புகளைக் கழுவி, குவாரி வாசலில் சமதரையில், மூளிக்காதி படுத்திருப்பது போலவே அடுக்கினார்கள். அடுக்கத் தெரிந்தவர் வெள்ளிங்கிரிதான்.

குவாரிக்குப் பக்கத்தில் இருந்தது ஒன்பதாம் நம்பர் கம்பம். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குத் துளசிமணி தன் கையாலேயே அந்தப் பெட்டியை இயக்கினாள். அவள் கடவு எண் பதிவாகும், நாளைக்கே அருள்செழியன் பார்ப்பார். பார்க்கட்டும். வா என்று மூளிக்காதியின் குரலில் கூப்பிட்டாள். இதுதான் கடைசிப் பொய் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

ஒரு மணி நேரத்தில் வந்தன. பாறைக்கு மேலே படுத்துக்கொண்டு இருவரும் பார்த்தார்கள்.

முன்னால் வந்தவள் மூளிக்காதியின் தங்கை. எலும்புக்கு இருபதடி முன்னால் நின்றுவிட்டாள். தும்பிக்கை மட்டும் மெல்ல நீண்டது. தலையைத் தடவினாள், கண் இருந்த குழியைத் தடவினாள். பிறகு தாடைக்கு வந்தாள். உடைந்த இடத்தில் தும்பிக்கை நுனி நின்றது. அந்த உடைப்பை அவளுக்குத் தெரியும். பதின்மூன்று நாள் பக்கத்தில் நின்றவள் அல்லவா? இந்த வாயில் தழையை ஊட்டப் பார்த்துத் தோற்றவள் அவள்.

ஏழும் வட்டமாக நின்றன. சத்தமே இல்லை. கோணவாலி ஒரு விலா எலும்பைத் தூக்கி, தன் வாய்க்குள் வைத்துப் பார்த்து, திரும்ப வைத்தாள். யாரோ ஒருத்தி சந்தன வேங்கைக் கிளையை ஒடித்து மேலே போட்டாள். அப்புறம் எல்லோரும் போட்டார்கள். வெயில் ஏறியது, தண்ணீருக்குப் போகவில்லை. மதியம் இரண்டு மணிக்கு, கேமராவில் எதைப் பார்த்ததோ, கணினி தானாக ஐந்தாம் கம்பத்திலிருந்து கூப்பிட்டது. பாறையில் படுத்திருந்த துளசிமணியின் நெஞ்சுக்குள் அதிர்ந்தது.

தங்கைக்காரி தலையைத் தூக்கினாள். குரல் வந்த திசையைப் பார்த்தாள். காலடியில் இருந்த தாடையைப் பார்த்தாள். பிறகு குரல் வந்த பக்கத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு திரும்பி நின்றாள். மற்றவையும் அப்படியே செய்தன.

"முடிஞ்சுதுங்க," என்றார் வெள்ளிங்கிரி. துண்டால் முகத்தைத் துடைத்தார். "மூணு வருசத்து எழவு இன்னிக்குத்தான் முடிஞ்சுது."

துளசிமணிக்கு உடம்பே லேசானது போலிருந்தது. கூட்டம் இனி அந்தத் தங்கைக்காரியின் பேச்சைக் கேட்டு நடக்கும். மலைக்கு மேலே, வேலியும் வயலும் இல்லாத அடுத்த சரகத்துக்கு அவள் வழி தெரிந்தவள்தான். நாளைக்கு வேலை போனாலும் போகட்டும் என்று நிம்மதியாக நினைத்தாள்.

நினைத்துக்கொண்டிருந்ததில், குட்டியை இருவரும் கவனிக்கவில்லை. அது எலும்பை ஒரு தடவை மோந்து பார்த்துவிட்டு, தழையோடு விளையாடிவிட்டு, ஒன்பதாம் நம்பர் கம்பத்தடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

திங்கட்கிழமை. கராலைச் சுற்றி மறைப்புக்குப் பின்னால் அருள்செழியன், துளசிமணி, வெள்ளிங்கிரி, கால்நடை மருத்துவர், நான்கு கேமராக்காரர்கள். கூண்டின் வாய் திறந்திருந்தது. உள்ளே கரும்பும் தழையும் குவித்து, நடுவில் பெட்டியை நட்டிருந்தார்கள். எட்டு மணிக்குக் கூப்பிட்டார்கள்.

எதிர்ச் சரிவில் கூட்டம் தெரிந்தது. நின்றது. வரவில்லை.

இன்னொரு தடவை கூப்பிட்டார்கள். வா. இங்கே தண்ணீர் இருக்கிறது. தங்கைக்காரி மலையைப் பார்த்துத் திரும்பினாள். கூட்டம் அவள் பின்னால் திரும்பியது.

அருள்செழியன் மெதுவாகத் துளசிமணியைப் பார்த்தார். "நேத்து ஒன்பதாம் கம்பத்துல உங்க எண் பதிவாயிருக்கு."

"ஆமாங்க சார். எலும்பக் காட்டிட்டேன்."

அவர் திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பைத்தியக்காரத்தனம்," என்று மட்டும் சொன்னார். வெள்ளிங்கிரி கீழே பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய மீசைக்குள் சிரிப்பு இருந்தது.

அப்போதுதான் மருத்துவர், "அது என்ன?" என்றார்.

சரிவிலிருந்து தனியாக ஒரு சின்ன உருவம் இறங்கி வந்துகொண்டிருந்தது. ஓட்டமும் நடையுமாக. காதை விரித்துக்கொண்டு.

துளசிமணிக்கு ஒரு நொடி புரியவில்லை. பிறகு புரிந்தது. மூளிக்காதி செத்து ஐந்து மாதம் கழித்துப் பிறந்தவன் ரேடியோ. அவன் அவளைப் பார்த்ததே இல்லை. அந்த எலும்பு அவனுக்கு யாரோ. அந்தத் தாடையின் உடைப்பு அவனுக்கு ஒன்றுமே இல்லை. பிறந்த நாள் முதலாய்த் தினமும் அவனைக் கூப்பிட்டு, தண்ணீர் காட்டி, சாய்ந்து தூங்க இடம் கொடுத்தது பெட்டிதான். அவனுக்கு யாருமே சாகவில்லை.

"நிறுத்துங்க சார்," என்றாள். "பெட்டிய நிறுத்துங்க."

"நிறுத்தாதீங்க," என்றார் அருள்செழியன், பெட்டியை இயக்குபவனிடம்.

ரேடியோ கூண்டுக்குள் ஓடினான். கரும்பைக்கூடப் பார்க்கவில்லை. பெட்டியைச் சுற்றித் தும்பிக்கையைப் போட்டு நெற்றியைச் சாய்த்துக்கொண்டான்.

சரிவில் கோணவாலி நின்றாள். பிள்ளையைக் கூப்பிட்டாள், பிளிறினாள். அவன் வரவில்லை. இறங்க ஆரம்பித்தாள். பாதி வழியில் ஒரு தடவை நின்று கூண்டைப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது. தெரிந்தும் உள்ளே போனாள். கோணவாலியை விட்டுவிட்டு அவள் அக்காள் போவாளா? அக்காள் வந்தாள். அவளுக்குப் பின்னால் அவள் மகள், பிறகு மற்ற மூன்றும். கடைசியில் தங்கைக்காரி மட்டும் மலைக்கும் கூண்டுக்கும் நடுவில் தனியாக நின்றாள். கால்மணி நேரம் நின்றாள். பிறகு அவளும் இறங்கி வந்தாள், தலை குனிந்தபடி.

மரங்களை இறக்கி வாயை அடைத்தார்கள்.

"அடுத்த கூட்டத்துல குட்டிங்கள்ல இருந்தே ஆரம்பிக்கணும்," என்று அருள்செழியன் மருத்துவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். துளசிமணி பக்கம் திரும்பி, "எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது. மெமோ எல்லாம் வேண்டாம். விட்டுருவோம்," என்றார். பெருந்தன்மைதான். வெள்ளிங்கிரிக்கு மட்டும் நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவர் தொப்பியைக் கழற்றி அவள் கையில் கொடுத்தார்.

"குட்டிய நான் யோசிக்கலீங்க அம்மா," என்றார். "பதினேழு வருசம் காட்டுல இருந்து என்னத்தப் படிச்சேன்?"

அவளும்தான் யோசிக்கவில்லை. அதைச் சொல்வதற்குள் அவர் நடந்துவிட்டார்.

மறுநாள் காலை பெட்டியைக் கழற்றி எடுத்துப் போனார்கள், வேலை முடிந்ததே என்று. மதியத்துக்குள் மருத்துவர் துளசிமணிக்குப் போன் செய்தார். அவள் போய்ச் சேர்ந்தபோது ரேடியோவின் நெற்றி தோலுரிந்து ரத்தம் வடிந்தது. பெட்டி இருந்த இடத்துக் குழியை மோந்து மோந்து அலறிவிட்டு, ஓடிப்போய் மரத்தில் முட்டினான். கோணவாலி குறுக்கே நின்று தடுத்துப் பார்த்தாள். பால் கொடுக்கப் பார்த்தாள். அவன் கேட்கவில்லை.

"இப்படியே போனா சாயங்காலம் வரைக்கும் தாங்காதுங்க," என்றார் மருத்துவர். "பெட்டிய மறுபடியும் வெக்கச் சொல்லியிருக்கேன். வந்துருச்சு. இயக்கறதுக்கு ரேஞ்சர் கடவு எண் வேணுமாம்."

துளசிமணி நின்ற இடத்துக்கு எதிர்ப்பக்கம், மரங்களின் இடுக்கு வழியாகப் பெட்டியை உள்ளே தள்ளினார்கள். துளசிமணி கருவியைக் கையில் வாங்கினாள். கொப்பளம் உடைந்த இடத்தில் பிளாஸ்டர் ஒட்டியிருந்ததால் எண்களை அழுத்த விரல் வளையவில்லை. இரண்டு தடவை தப்பாகப் போயிற்று. மூன்றாவது தடவை சரியாக விழுந்தது.

நெஞ்சுக்குள் அந்த அதிர்வு வந்தது. ரேடியோ அலறலை நிறுத்தினான். ரத்தம் வடியும் நெற்றியைப் பெட்டியின் மேல் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டான்.

மற்ற ஏழும் ஒன்றன்பின் ஒன்றாகப் பெட்டிக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றன. கூண்டு சின்னது, திரும்ப வேறு பக்கம் இல்லை. அதனால் அவை அத்தனையும் துளசிமணியைப் பார்த்து நின்றன.